வன்கொடுமையில் உயிர் போனால் எந்தப் பிரிவு, எவ்வளவு தண்டனை?

பாலியல் வன்கொடுமையில் பெண் இறந்துபோன, அல்லது மீள முடியாத காயமடைந்த வழக்குகள் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். குற்றவியல் வழக்கறிஞரும் தடய மருத்துவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் உறவுப் பெண்ணின் வழக்கில் எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) 64, 66, 103(1) என்று மூன்று பிரிவு போட்டிருக்கிறார்கள். கொலைப் பிரிவிலேயே தூக்கு வரை இருக்கிறதே, 66 எதற்கு? வக்கீலைக் கேட்டால் "எல்லாம் இருக்கட்டும்மா" என்கிறார். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இருக்கத்தான் வேண்டும். ஏன் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

103 கொலைக்கான பிரிவு. அதில் தண்டிக்க, கொல்லும் எண்ணம் இருந்தது என்றோ, மரணம் வரும் அளவுக்கான காயம் என்று தெரிந்தே செய்தான் என்றோ அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 66-க்கு அந்தச் சுமை இல்லை. மூன்றே விஷயம் போதும்: 64-இன் கீழ் வரும் வன்கொடுமை நடந்தது, அது நடக்கும்போது அவன் ஒரு காயத்தை ஏற்படுத்தினான், அந்தக் காயத்தால் பெண் இறந்தார், அல்லது மீளா உணர்விழந்த நிலைக்குப் போனார். "கொல்ல நினைக்கவில்லை, வாயைப் பொத்தினேன், அவ்வளவுதான்" என்ற வாதம் 103-இல் எடுபடலாம். 66-இல் எடுபடாது. குறைந்தபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அதிகபட்சம் இயற்கையான ஆயுள் முடியும்வரை சிறை, அல்லது மரண தண்டனை. அந்த 20-க்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்குக் கேரளத்து ரயில் வழக்கைப் பாருங்கள். 2011 பிப்ரவரி 1-ஆம் தேதி எர்ணாகுளம் - ஷொர்ணூர் பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த 23 வயதுப் பெண் தாக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து திருச்சூர் மருத்துவக் கல்லூரியில் இறந்தார். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தை மட்டும் ரத்து செய்தது. மரணத்துக்குக் காரணம் பெட்டிக்குள் தலையில் விழுந்த அடி, ரயிலிலிருந்து விழுந்த காயம், மல்லாந்து கிடந்ததால் மூச்சுக்குழலுக்குள் போன ரத்தம் எல்லாம் சேர்ந்துதான் என்று மருத்துவச் சாட்சியம் சொன்னது. அவன்தான் வெளியே தள்ளினான் என்பதற்குச் சாட்சி இல்லை; அவர் குதித்ததாக ஒருவர் சொன்னார் என்று அரசுத் தரப்புச் சாட்சிகளே சொல்லியிருந்தார்கள். கிடத்தியதும் கொல்வதற்காக அல்ல என்று நீதிமன்றம் கருதியது. வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நின்றது.

66-இன் முன்னோடியான, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) 376-ஏ 2013 பிப்ரவரியில்தான் வந்தது. டெல்லிப் பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு. குற்றம் நடந்த நாளில் இல்லாத தண்டனையை யாருக்கும் கொடுக்க முடியாது என்பது அரசியல் சாசனத்தின் 20(1). அதனால் அது கேரள வழக்குக்கும் பயன்படவில்லை, 2012 டிசம்பர் 16-இல் நடந்த டெல்லி வழக்குக்குமே பயன்படவில்லை. டெல்லியில் நான்கு பேருக்கும் மரண தண்டனை கிடைத்தது கொலைப் பிரிவில்.

66-ஐயும் 103-ஐயும் சேர்த்துத் தண்டித்ததற்கு நல்ல உதாரணம் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை வழக்கு. சம்பவம் 2024 ஆகஸ்ட் 9, அதாவது பி.என்.எஸ். அமலுக்கு வந்த ஜூலை 1-க்குப் பிறகு. 2025 ஜனவரி 18-இல் சியால்டா நீதிமன்றம் 64, 66, 103(1) மூன்றிலும் குற்றவாளி என்று கண்டு, 20-இல் சாகும்வரை சிறை விதித்தது. அரிதிலும் அரிதான வழக்கு அல்ல என்று சொல்லித் தூக்கை மறுத்தது.

உங்கள் வழக்கில் இப்போது செய்ய வேண்டியது: குற்றப்பத்திரிகையில் மூன்று பிரிவும் இருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். பிறகு நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் நாளில் (எந்தெந்தப் பிரிவில் விசாரணை என்று எழுதும் நாள் அது) மூன்றுக்கும் தனித்தனியாக வனைகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். 103 விழுந்தாலும் 66 நிற்க வேண்டுமானால் அன்றைக்கே அது எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கூட்டு வன்கொடுமையிலும், சிறுமிகள் வழக்கிலும் இதே 66 தானா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இங்கே சட்டம் எழுதியவர்கள் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். "64(1) அல்லது 64(2)-இன் கீழ் வரும் குற்றத்தைச் செய்து" என்றுதான் 66 தொடங்குகிறது. 16 வயதுக்குக் கீழானவர்களுக்கான 65-ஐயும், கூட்டு வன்கொடுமைக்கான 70-ஐயும் அது குறிப்பிடவில்லை. 376-ஏ-யில் இருந்த குறை அப்படியே புதிய சட்டத்துக்கும் வந்துவிட்டது.

12 வயதுக்குக் கீழ் என்றால் 65(2), 18-க்குக் கீழ் கூட்டு வன்கொடுமை என்றால் 70(2). இரண்டிலுமே மரண தண்டனை வரை போகலாம், உயிர் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடக் கிடையாது. சிக்கல் மற்ற இரண்டில். 12 முதல் 16 வரையான சிறுமிக்கு 65(1)-இல் உச்சம் சாகும்வரை சிறை. 18 வயது நிறைந்த பெண் மீதான கூட்டு வன்கொடுமையில் 70(1)-க்கும் அதே உச்சம். சிறுமி வழக்கில் போக்சோ சட்டம் இந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது: 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தையின் மரணத்துக்குக் காரணமான ஊடுருவல் தாக்குதல் 5(ஜே)-இல் வரும், 6-ஆம் பிரிவில் 20 ஆண்டு முதல் மரண தண்டனை வரை. வயதுவந்த பெண்ணுக்கு அந்தக் கவசம் இல்லை. 70(1)-இன்படியே கூட்டத்தில் ஒவ்வொருவரும் வன்கொடுமை செய்தவராகவே கருதப்படுவதால், 64(2)-ஐயும் 66-ஐயும் சேர்த்துக் குற்றச்சாட்டு வனையச் சொல்லி மனு போடுவதுதான் வழி. அரசு வழக்கறிஞர் மறந்தால் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடுவான் என்கிறார்களே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: 14 என்பது விடுதலை ஆகும் வருஷம் அல்ல. மரண தண்டனையும் சாத்தியமாக இருந்த குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு உள்ளே இருக்கும் முன் தண்டனைக் குறைப்பில் விடக்கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 475, பழைய சட்டத்தில் 433-ஏ. அது தரை, கூரை அல்ல. சாதாரண ஆயுள் தண்டனையும் சட்டப்படி சாகும்வரைதான். ஆனால் அரசு இடையில் குறைக்கலாம்.

66-இல் சட்டமே "மீதமுள்ள இயற்கையான ஆயுள் முழுவதும்" என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. 103-இல் அந்தச் சொற்கள் இல்லை. ஆகவே தீர்ப்பு வந்ததும் கடைசிப் பக்கத்தில் தண்டனைப் பகுதியை மட்டும் ஊன்றிப் படியுங்கள்: எந்தப் பிரிவுக்கு எந்த ஆயுள், ஏககாலத்தில் அனுபவிக்கவா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்று இருக்கும். 103-க்கு மட்டும் ஆயுள் கொடுத்து 66-க்கு 20 ஆண்டு என்று முடித்திருந்தால், அந்த ஆயுளை அரசு இடையில் குறைக்க இடம் உண்டு. தண்டனைக் குறைப்பே இல்லாமல் 25, 30 ஆண்டு என்று விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு என்று 2015-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்தத் தீர்ப்பு ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விவகாரத்தில் வந்தது என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அரசியல் சாசனத்தில் ஜனாதிபதிக்கு 72-இலும் ஆளுநருக்கு 161-இலும் உள்ள மன்னிப்பு அதிகாரத்தை எந்தத் தண்டனைப் பிரிவும் தொட முடியாது.

முன்விடுதலை கொடுத்தாலும் அது கல்வெட்டு அல்ல. 2002 குஜராத் கலவரத்தின் கூட்டு வன்கொடுமை, கொலை வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்ட் 15-இல் குஜராத் அரசு விட்டது. வழக்கு விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில். முடிவெடுக்க வேண்டிய அரசும் அதுதான் என்று சொல்லி, 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் எல்லோரையும் திரும்பச் சிறைக்கு அனுப்பியது.

கேள்வி: என் தங்கை உயிரோடு இருக்கிறாள். ஆனால் தலையில் அடிபட்டு ஒரு பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது, பேச்சும் இல்லை. இதுவும் 66-இல் வருமா? (வாசகர், வேலூர்)

பதில்: அவருக்கு விழிப்பும் உணர்வும் எந்த அளவில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 66 கேட்பது மீளா உணர்விழந்த நிலை. அந்த நிலையில் இருப்பவர் கண் திறப்பார், தூங்குவார், விழிப்பார், தானாக மூச்சு விடுவார். ஆனால் தன்னைப் பற்றியோ சுற்றி நடப்பதைப் பற்றியோ அறிவு இருப்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. "கையை அழுத்து" என்றால் அழுத்துகிறார், ஆட்களைக் கண்ணால் தொடர்கிறார் என்றால், பேச்சே இல்லாவிட்டாலும் மருத்துவ ரீதியில் அது வேறு நிலை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து உங்கள் தங்கை எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது; நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த வேறு நிலை என்றால் பொருந்துவது 64(2)(எல்): வன்கொடுமையின்போது கொடுங்காயம், உறுப்பிழப்பு, உருக்குலைவு, அல்லது உயிருக்கு ஆபத்து. குறைந்தபட்சம் 10 ஆண்டு, உச்சம் சாகும்வரை சிறை. அதோடு 117(3)-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள், இது பி.என்.எஸ்ஸில் புதிதாக வந்த பிரிவு. கொடுங்காயத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை என்கிறது. பல காவல் நிலையங்களில் பழைய பழக்கத்தில் பொதுவான கொடுங்காயப் பிரிவான 117(2)-ஐ மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள்.

நாட்டில் 'மீளா உணர்விழந்த நிலை' என்ற சொற்றொடரை எல்லோரும் அறிந்தது அருணா ஷான்பாக் வழக்கால். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர், 1973 நவம்பர் 27-இல் தாக்கப்பட்டார், நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டது. மூளைக்கு ரத்தம் போகாமல், 2015 மே 18-இல் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். குற்றவாளிக்குக் கிடைத்தது கொலை முயற்சிக்கும் கொள்ளைக்குமாக ஏழு ஏழு ஆண்டு, அதுவும் ஏககாலத்தில். பாலியல் குற்றம் வழக்கிலேயே சேர்க்கப்படவில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது: நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை சான்றிதழ் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., வார்டில் தினமும் எழுதும் உணர்வு நிலைக் குறிப்புகள் எல்லாவற்றின் நகலும் வேண்டும். மாதங்கள் போகப் போக நிலை மாறலாம். மேலும் மோசமானால் தீர்ப்பு சொல்லப்படும்வரை எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டை மாற்றவோ கூட்டவோ பி.என்.எஸ்.எஸ். 239 இடம் தருகிறது.

கேள்வி: சம்பவம் நடந்து ஒன்றரை மாதம் கழித்துக் கிருமித் தொற்றில்தான் இறந்தாள், ஆஸ்பத்திரியின் கவனக்குறைவுதான் காரணம் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. (வாசகி, கடலூர்)

பதில்: எல்லா எதிர்த்தரப்பும் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. சரியான சிகிச்சை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது காயம் உண்டாக்கியவனைக் காப்பாற்றாது, பி.என்.எஸ். 100-இன் இரண்டாவது விளக்கம் அதை நேராகவே சொல்கிறது. ஏற்கெனவே நோயாளியாக இருந்தவரின் சாவை விரைவுபடுத்தினாலும் சாவை விளைவித்ததாகவே பொருள் என்பது முதல் விளக்கம்.

ஜார்க்கண்டில் 2004 நவம்பரில் ஒரு பெண் வன்கொடுமைக்குப் பின் தீ வைக்கப்பட்டார். டிசம்பரில் ரத்தத்தில் நச்சேறி இறந்தார். உயர் நீதிமன்றம் விடுவித்தவனை 2022 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டித்தது. தொற்று தீக்காயத்தால் வந்தது, தீக்காயம் அவன் வைத்த தீயால் வந்தது என்ற சங்கிலி அறுபடவில்லை. (இரு விரல் பரிசோதனை செய்பவர் பணி ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்று சொன்னதும் இதே தீர்ப்புதான்.)

சங்கிலி அறுபடாமல் காட்டுவது பிரேதப் பரிசோதனை அறிக்கையின் வேலை. "மரணத்துக்குக் காரணம்: செப்டிசீமியா" (ரத்தத்தில் நச்சேறுதல்) என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது ஆபத்து. "இன்ன காயத்தின் சிக்கலாக வந்த செப்டிசீமியா" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவரிடம் விளக்கக் கருத்து எழுதி வாங்கும்படி புலன் விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள். மருத்துவர் கூண்டில் ஏறிய பிறகு யோசித்துப் பயனில்லை.

இன்னொன்று. தீர்ப்பே வந்து, காயத்துக்காக மட்டும் தண்டனை அனுபவிக்கும்போது பெண் இறந்தால்? ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணை கூடாது என்ற விதி இங்கே தடை அல்ல. தீர்ப்பு நாளில் நடந்திராத விளைவு பின்னால் சேர்ந்து வேறு குற்றமாக ஆனால், அந்தக் குற்றத்துக்குப் புதிதாக விசாரிக்கலாம்: பி.என்.எஸ்.எஸ். 337(3).

கேள்வி: முதல் சில மணி நேரத்தில் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். (வாசகர், மதுரை)

பதில்: சிகிச்சைதான் முதலில். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான் (பி.என்.எஸ்.எஸ். 397). மறுத்தால் பி.என்.எஸ். 200-இல் ஓராண்டு வரை சிறை. "எஃப்.ஐ.ஆர் கொண்டு வாருங்கள்" என்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை.

விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒற்றைத் தாள் வழக்கின் முதல் எழுத்து ஆவணம். பதற்றத்தில் "மாடியிலிருந்து விழுந்தார்" என்று கூட வந்தவர் சொல்லி, அது பதிவாகிவிட்டால், மூன்று வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுதான். மானத்துக்குப் பயந்து சொல்லும் இந்தப் பொய் பல வழக்குகளைக் கெடுத்திருக்கிறது. தாக்கப்பட்ட இடம், நேரம், தெரிந்தவரா தெரியாதவரா, எத்தனை பேர் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

துணி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆடையைக் கத்தரியால் வெட்டி எடுத்துக் கழிவுக் கூடையில் போட்டுவிடுவார்கள். அவர்கள் கவனம் உயிரில் இருக்கும். கேட்டு வாங்கிப் போலீஸிடம் ஒப்படையுங்கள். ஏற்கெனவே கிழிந்த இடத்திலும் ரத்தக்கறை மேலும் கத்தரி போகாமல் இருந்தால் நல்லது. பாலித்தீன் பையில் போடவே கூடாது: ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் காயவைத்து ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும்.

உடல் மாதிரிகளை முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறந்தது; மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் 96 மணி வரை எடுக்கச் சொல்கிறது. அறுவைச் சிகிச்சைக்காக உடலைச் சுத்தம் செய்வதற்கும் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவதற்கும் முன்னால் எடுத்தால்தான் முழுப் பயன். ரத்தம் ஏற்றியிருந்தால், ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி ரத்த வங்கியில் சில நாள் இருக்கும். அதைக் கொட்டிவிடும் முன் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மருத்துவர் 7 நாளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 184. சுயநினைவு இல்லை என்றால் சம்மதம் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

மாதிரி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. 2012-இல் டெல்லி சாவ்லா பகுதியில் 19 வயதுப் பெண் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் மூன்று பேருக்கு மரண தண்டனை. 2022 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. கைப்பற்றிய மாதிரிகள் 11 நாள் காவல் நிலையப் பொருளறையில் கிடந்தன, அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை, முக்கியமான சாட்சிகள் பலரைக் குறுக்கு விசாரணையே செய்யவில்லை. 2017-இல் சென்னையில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கும் செங்கல்பட்டில் மரண தண்டனையில் தொடங்கி, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் விடுதலையில் முடிந்தது. நம் பொதுவெளியில் தூக்கு கேட்டு எழும் குரலில் பாதியாவது "மாதிரி எந்தத் தேதியில் ஆய்வகம் போனது?" என்று கேட்டால் வழக்குகள் தப்பிக்கும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கோ தகவல் கொடுத்தவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும்.

விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ஆம் பிரிவு சொல்கிறது. 60 நாள் தாண்டியதால் மட்டும் ஜாமீன் கிடைக்காது. 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கட்டாய ஜாமீன். அந்த 90-ஐ நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

கேள்வி: தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. தலையாட்டியதை மரண வாக்குமூலமாக எடுப்பார்களா? (வாசகி, ஈரோடு)

பதில்: எடுப்பார்கள். கழுத்தறுபட்ட பெண் சைகையால் சொன்னதை 1885-இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏற்றது. டெல்லி வழக்கிலும் மூன்று மரண வாக்குமூலங்கள்: முதலாவது மருத்துவரிடம், இரண்டாவது வருவாய்த் துறை நிர்வாக நடுவரிடம், மூன்றாவது நீதித்துறை நடுவரிடம் சைகையாலும் எழுத்தாலும்.

பலவீனம் எங்கே வருகிறது என்றால், பதிவு செய்பவர் "சைகையால் தெரிவித்தார்" என்று முடித்துவிடும்போது. என்ன கேட்டார், எந்தச் சைகை வந்தது என்பதை வரிக்கு வரி எழுத வேண்டும். "அவன்தானே செய்தான்?" என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. நடுவர் பதிவு செய்வது சிறந்தது. ஆனால் மருத்துவர், செவிலியர், ஏன் தாய் கேட்டதுகூடச் சட்டப்படி செல்லும். மருத்துவரின் தகுதிச் சான்று இல்லை என்பதற்காக மட்டும் தள்ள முடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கைப்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அந்தக் கைப்பேசியை மாற்றவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியம் 63-இன்படி ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) சான்றிதழ் வேண்டும்.

பெண் பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலம் ஆகாது. அவரே நேரில் சாட்சி சொல்ல வேண்டும்.

கேள்வி: கணவனாக இருந்தால்? (வாசகி, ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: சேர்ந்து வாழும் 18 வயது நிறைந்த மனைவி என்றால், வன்கொடுமை எது என்று வரையறுக்கும் 63-இன் விதிவிலக்கு கணவனைக் காக்கிறது. 63-இல் குற்றம் இல்லை என்றால் 64 இல்லை. 64 இல்லை என்றால் 66-உம் இல்லை. மிஞ்சுவது கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல் (105), கொடுங்காயம், கணவன் கொடுமை (85) ஆகியவைதான். கொலை தவிர மற்றவற்றில் 66-இன் 20 ஆண்டுத் தரை கிடையாது.

இது புதிய பிரச்சினை அல்ல. 1890-இல் கல்கத்தாவில் 11 வயதை எட்டிய பூல்மோனி என்ற சிறுமி கணவனின் செயலால் ரத்தப்போக்கில் இறந்தாள். அப்போதைய சம்மத வயது 10. ஆகவே வன்கொடுமைப் பிரிவு பொருந்தாது என்றார்கள். அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்ததாக ஓராண்டு சிறை. அடுத்த ஆண்டு சம்மத வயது 12 ஆனது. 2025 பிப்ரவரியில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம், 2017-இல் மனைவி இறந்த வழக்கில் கணவனை இ.த.ச. 376 (வன்கொடுமை), 377 (இயற்கைக்கு மாறான உறவு), 304 (கொலையாகாத மரணம்) மூன்றிலிருந்தும் விடுவித்தது. நடுவே 135 ஆண்டு.

பிரிந்து வாழும் மனைவி என்றால் 67-இல் 2 முதல் 7 ஆண்டு. 66 அதையும் தொடவில்லை. மனைவி 18 வயது நிறையாதவர் என்றால் கணவன் என்ற உறவு காக்காது, போக்சோவும் சேரும்.

கேள்வி: வன்கொடுமைக்குப் பின் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டால் 66 வருமா? ஆண் இறந்தால்? 17 வயதுக் குற்றவாளிக்கு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தற்கொலைக்கு 66 வராது, "ஏற்படுத்திய காயத்தால் மரணம்" என்ற சொற்களுக்குள் அது அடங்காது. மிரட்டல், வீடியோ காட்டிப் பணம் பறித்தல் போன்றவை இருந்தால் தற்கொலைக்குத் தூண்டியதாக 108 சேரும், 10 ஆண்டு வரை.

வயதுவந்த ஆண் இறந்தால் கொலை, கொடுங்காயப் பிரிவுகள்தான். பி.என்.எஸ்ஸில் பழைய 377-ஐ எடுத்தவர்கள் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. 18-க்குக் கீழ் என்றால் சிறுவனுக்கும் போக்சோ உண்டு.

16 முதல் 18 வரையானவரை, இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து அனுப்பினால், பெரியவராக விசாரிக்கலாம். ஆனால் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளோ விதிக்க முடியாது.

கேள்வி: கட்டாயத் தூக்கு என்று சட்டம் போட்டால் என்ன? தமிழ்நாட்டிலும் தண்டனையைக் கூட்டினார்களே? (வாசகர், சேலம்)

பதில்: ஒரே தண்டனை, அதுவும் தூக்கு மட்டும் என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1983-இலேயே மித்து வழக்கில் செல்லாது என்றது. நீதிபதி எடைபோட இடமே இல்லை என்பதுதான் காரணம். 2024 செப்டம்பர் 3-இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய அபராஜிதா மசோதா, உயிர் போன வழக்கில் மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது; அந்தப் பாறையில்தான் முட்டும்.

தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய திருத்தம் வேறு வகை: வன்கொடுமைக்கான குறைந்தபட்சத்தை 10-இலிருந்து 14 ஆண்டாக உயர்த்துவது போன்றவை. எந்தத் திருத்தமானாலும் அமலுக்கு வந்த நாளுக்குப் பின் நடந்த குற்றத்துக்குத்தான் பொருந்தும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்கு இன்றும் இ.த.ச. 376-ஏ தான்; எஃப்.ஐ.ஆரில் பிரிவு எண் வேறாக இருந்தால் பதற வேண்டாம்.

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை நிறைவேற்ற முடியாது. டெல்லி வழக்கில் 2013 செப்டம்பரில் விதித்தது 2020 மார்ச் 20-இல்தான் நிறைவேறியது.

கேள்வி: தண்டனை போதவில்லை என்று நாங்கள் அப்பீல் போகலாமா? நஷ்டஈடு உண்டா? மகளின் நினைவு நாளுக்குப் போஸ்டர் ஒட்டலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: விடுதலையை எதிர்த்து, சிறிய பிரிவில் தண்டித்ததை எதிர்த்து, இழப்பீடு குறைவு என்று நீங்கள் மேல்முறையீடு செய்யலாம் (பி.என்.எஸ்.எஸ். 413). இறந்தவரின் சட்ட வாரிசும் "பாதிக்கப்பட்டவர்"தான். தண்டனைக் காலம் மட்டும் போதாது என்றால் அரசுதான் போக வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கும் அரசு வழக்கறிஞருக்கும் தாமதிக்காமல் மனு கொடுங்கள்.

போஸ்டரில் வழக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், சாதாரண நினைவஞ்சலி என்றால் சிக்கல் இல்லை. பெயர் அல்லது படத்தோடு சம்பவத்தையும் சேர்த்தால் பி.என்.எஸ். 72, இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தவருக்கும் இது பொருந்தும், பெற்றோர் சம்மதித்தாலும் போதாது, தேவை என்றால் செஷன்ஸ் நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

66-இல் அபராதம் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே பணம் வர வேண்டிய வழி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வந்தால் சேர்த்துக் கேட்கலாம். சிறுமி என்றால் 50 சதவீதம் கூடுதல். தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம், எஃப்.ஐ.ஆர் நகலும் ஏ.ஆர். காப்பியும் வைத்து இடைக்கால உதவிக்கு இப்போதே மனு போடலாம். வரும் தொகையில் பெரும்பகுதியை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, நான்கில் ஒரு பங்கைத்தான் கையில் தருவார்கள். சிகிச்சைக் கடன் இருந்தால் ரசீதுகளோடு அதை மனுவிலேயே எழுதி, கூடுதலாக எடுக்க அனுமதி கேளுங்கள்.